கட்டத்துக்குக் கீழே

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைக் 'கட்டம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டம் என்றால் ஜாதகக் கட்டம் இல்லை. பிஸ்கட், சூப், பழச்சாறு என்று கடையில் விற்கிற பொட்டலங்களின் முதுகில் இத்தனை கலோரி, இத்தனை சர்க்கரை, இத்தனை சோடியம் என்று ஒரு கட்டம் போட்டு அச்சடித்திருப்பார்களே, அந்தக் கட்டம். வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு உறையைக் குப்பையில் எறிகிறார்கள். அவளுக்கோ பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு.

உணவுக் கம்பெனிகள் அனுப்புகிற தாள் ஒரு கையில், அச்சாகி வந்த மாதிரி அட்டை மறு கையில். ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறி விழுந்தால் ஒன்றரை கிராம் பதினைந்து கிராமாகிவிடும். லட்சம் பெட்டி குப்பைக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கட்டத்துக்குக் கீழே பொடிப்பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்கிற பட்டியல். அதைப் படிக்கிறவர் அவளுக்கு எதிர் நாற்காலியில் இருந்தார். அவருக்குப் 'பத்தி சார்' என்று பெயர். அவளுக்கு மட்டும் அவர் அண்ணா. கட்டம் படிக்கிறவர் பத்தியைத் தொடக்கூடாது, பத்தி படிக்கிறவர் கட்டத்தைத் தொடக்கூடாது என்பது அந்த மேசையின் சட்டம். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் பாதியில் கண் அசந்துவிடும் என்று எப்போதோ இருந்த ஒரு கண்காணிப்பாளர் போட்டுவிட்டுப் போனது. அவர் போய்விட்டார், சட்டம் நின்றுவிட்டது. அவள் கண் கட்டத்தின் கடைசிக் கோடு வரை இறங்கும், அங்கே நின்றுவிடும். கீழே இருப்பது அண்ணாவின் எல்லை.

போன வருஷம் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் வைத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. இரண்டும் இல்லாத நாலு பேர் யாரென்று பார்த்தால், அவர்கள் அன்றைக்கு லீவு. புதிதாக வந்த மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் என்றால் க்ரீம் கேக், வழியனுப்பு விழா என்றால் பாட்டில் பாட்டிலாகக் கலர் பானம் என்றிருந்ததை அன்றோடு நிறுத்தினார்.

"இனிமே எது வாங்கினாலும் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சிட்டுத்தான் வாங்கணும். யாரு வாங்குறது?"

கூடத்தில் இருந்த அத்தனை விரலும் அவளைக் காட்டின.

அவள் அதை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை, வேள்வியாக எடுத்துக்கொண்டாள். கடையில் அலமாரிக்கு அலமாரி நின்று படிப்பாள். ஒரு பரிமாறலுக்கு நாலு கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். ஒரு பரிமாறல் என்பது மூன்று பிஸ்கட் என்று ஓரத்தில் போட்டிருக்கும். மூன்று பிஸ்கட்டோடு நிறுத்துகிற மனுஷனை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதனால் நூறு கிராமுக்கு எவ்வளவு என்கிற வரிசையை மட்டும் நம்புவாள். முன்பக்கம் 'இயற்கை', 'ஆரோக்கியம்' என்று பச்சை எழுத்தில் பீற்றிக்கொள்கிற பொட்டலத்தைக் கண்டால் அவளுக்கு முகம் சுளிக்கும். "முன்னாடி ரொம்பப் பேசுறவன் பின்னாடி எதையோ ஒளிக்கிறான்" என்பாள். கூடவே போய் மாட்டிக்கொள்கிற கணவர், வண்டியைத் தள்ளிக்கொண்டே அலுத்துக்கொள்வார். "பாராயணம் முடிஞ்சுதா? எனக்குப் பசி வந்து, போயி, மறுபடி வந்துடுச்சு."

ஆறு மாதத்தில் தொழிற்சாலையில் மாற்றம் தெரிந்தது. வறுத்த வேர்க்கடலை, வெட்டின பழம், உப்பில்லாத சோளப்பொரி. முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள்.

பழகாதவர் ஒருவர்தான். பத்தி சார். எந்த விழாவிலும் அவர் எதையும் தொடுவதில்லை. பல் வலி என்பார், விரதம் என்பார், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பதினாலு மாதமாக, சனிக்கிழமையும் புதன்கிழமையும் மாலை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் இயந்திரத்தில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். மேசையில் கேட்பவர்களுக்கு, கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார். முழுக்கைச் சட்டைக்குள் ஊசித் தழும்பு ஒளிந்திருந்தது. முகாம் அன்றைக்கு லீவு போட்ட நாலு பேரில் அவரும் ஒருவர்.

ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. வெட்டும் இயந்திரத்தில் இருந்த ஒருவருக்கு இதயத்தில் அடைப்பு வந்தபோது, 'உடம்பைப் பாத்துக்குங்க' என்று பூங்கொத்துக் கொடுத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது பழைய மேலாளர் காலம். இப்போதைய மேலாளர் எப்படி என்று பரீட்சை பண்ணிப் பார்க்க அண்ணாவுக்குத் துணிச்சல் இல்லை. அவருடைய மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. "யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. இந்த நாற்காலி போச்சுன்னா நான் வியாதிக்காரன் மட்டும்தான்" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இருபத்தைந்து வருஷம் முடித்தவர்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பத்தி சாருக்கும் கேடயம் உண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார் என்றார்கள். அறுபது பேருக்குச் சிற்றுண்டி.

அவள் இந்த முறை கடையில் நின்றது அறுபது பேருக்காக இல்லை, அவர் ஒருவருக்காக. தன் விழாவிலேயே பல் வலி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே என்று நினைக்கவே அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அவருக்கு உப்பு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் படித்து, பெட்டியில் அடைத்து வருகிற தெளிந்த காய்கறி சூப் ஒன்றைப் பிடித்தாள். நூறு மில்லிக்குச் சோடியம் மற்ற சூப்பில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. அலமாரி முன்னாலேயே சிரித்துவிட்டாள்.

"அண்ணா, நாளைக்கு நீங்க எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுறீங்க. உப்பு சுத்தமாக் கம்மி. நான் படிச்சிட்டேன்."

"நீ படிச்சிட்டா அப்பீலே இல்ல" என்றார் அவர். சூப்புக்கு இடம் வைக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்குத் தண்ணீரும் அளவுதான்.

கூட்டம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. முன்வரிசையில் தலைமை அலுவலகத்து அம்மா, பக்கத்தில் மேலாளர், அதற்குப் பக்கத்தில் சலவைச் சட்டையோடு பத்தி சார். சின்னக் காகிதக் கப்பில் சூப் வந்தது. அவர் ஒரு கப்பைக் குடித்தார். கண்ணை மூடிக் குடித்தார். பதினாலு மாதம் கழித்துப் பத்துப் பேர் நடுவில் ஒன்றைக் குடிக்கிற ஆளின் முகம் அது. அவள் பின்வரிசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கப் வாங்கினார். அவள் தடுக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓட்டுநர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"பரவால்லக்கா, இந்தத் தடவ வாய்க்கு வெளங்குது. நல்லா உப்பா இருக்கு."

"உப்பா? இதுல உப்பே கிடையாதே."

"குடிச்சுப் பாருங்க."

அவள் குடித்துப் பார்த்தாள். உப்பாகத்தான் இருந்தது. நன்றாகவே உப்பாக இருந்தது. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் லேசாக ஒரு கசப்பு, இரும்புச் சாவியை நக்கினது போல.

கட்டம் பொய் சொல்லாது. சோடியம் கம்மி என்றால் கம்மிதான். அப்படியானால் இந்த உப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி எழுந்த வினாடியே கப்பைக் கீழே வைத்தாள். யாரும் பார்க்காதபடி எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். வாசலைத் தாண்டியதும் ஓடினாள்.

காலி அட்டைகள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. ஒன்றை உருவி, வழிந்ததைப் புடவைத் தலைப்பில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டம் இருந்தது, சரியாக இருந்தது. கடைசிக் கோடு. அதற்குக் கீழே, வாழ்நாளில் முதல் தடவையாக, இறங்கிப் படித்தாள். தண்ணீர், கேரட், பீன்ஸ், நாலாவதாகப் பொட்டாசியம் குளோரைடு.

உப்பைக் குறைத்துவிட்டு, உப்புச் சுவைக்கு அதைப் போட்டிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அதனால் கெடுதல் இல்லை, சிலருக்கு நல்லதுகூட. ஆனால் சிறுநீரகம் போன ஆளுக்குப் பொட்டாசியம் வெளியே போக வழி கிடையாது. கட்டத்தில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. போன புதன்கிழமை அண்ணா தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அவளிடம் காட்டியிருந்தார். பொட்டாசியம் வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. "இது ஏறினா வலி எதுவும் இருக்காதாம்மா. நெஞ்சு அப்படியே நின்னுடுமாம். டாக்டரு பழம்கூட வேணாங்கிறாரு" என்று ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். இன்றைக்குச் செவ்வாய். கடைசியாக ரத்தம் சுத்தமானது சனிக்கிழமை. மூன்று நாளாகச் சேர்ந்ததெல்லாம் உள்ளேயே இருக்கிறது.

பதினெட்டு வருஷம் எதிரில் உட்கார்ந்தவர் இதைப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் பிடித்திருப்பார். அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் படித்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

அட்டையைத் தட்டையாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அண்ணா கையில் ஒரு கப். அது இரண்டாவதா, மூன்றாவதா? தட்டோடு நின்ற சமையலறை ஆளைப் பார்த்து அவரை நோக்கி ஜாடை காட்டினாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினான்.

சுவரோரமாக நடந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தாள்.

"அண்ணா, கீழ வைங்க. அதுல பொட்டாசியம் போட்டிருக்கான். நாலாவது பேரு."

அவர் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. கப்பை மெதுவாகக் கீழே வைத்தார். அதில் பாதிதான் மீதி இருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரி போகணும். எந்திரிங்க."

"கேட் பாஸ்ல காரணம் எழுதணும்மா." உதடு அசையாமல் பேசினார். "கேடயம் வாங்கிட்டு, அஞ்சரைக்குப் போயிடறேன்."

"அஞ்சரை வரைக்கும் தாங்கும்னு யாரு சொன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நீ போய் உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

"அண்ணா..."

"சத்தியம் பண்ணியிருக்க நீ."

அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. பயத்தால் வந்த வேர்வையா, வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. பஸ்ஸில் போனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். தொழிற்சாலை வண்டியில் இருபது நிமிஷம். வண்டி வேண்டுமென்றால் மேலாளர் வாய் திறந்து சொல்ல வேண்டும். மேலாளரிடம் சொன்னால் அண்ணாவின் நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணாவே போய்விடுவார். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம்."

பேச்சு பாதியில் நின்றது. அறுபது தலை திரும்பியது.

"என்னம்மா?"

"இந்த சூப்புல பொட்டாசியம் உப்பு போட்டிருக்கு சார். உங்க யாருக்கும் ஒண்ணும் பண்ணாது. கிட்னி போனவங்க குடிச்சா உயிருக்கு ஆபத்து. நான் கீழ இருக்கறதப் படிக்காம வாங்கிட்டேன்."

"சரி... இங்க யாருக்கு அப்படி?"

முன்வரிசையில் அண்ணாவின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னந்தலையைப் பார்த்தாலே அது தெரிந்தது.

"எனக்குத்தான் சார்" என்றாள்.

கூடம் முழுவதும் ஒரு மூச்சு உள்ளே போனது. 'ஐயோ அக்கா' என்று யாரோ சொன்னார்கள். தலைமை அலுவலகத்து அம்மா எழுந்தே நின்றுவிட்டார். யாரோ பின்னால் இருந்து, "எல்லாருக்கும் படிச்சுச் சொல்றவங்க, தனக்கே படிக்காம விட்டுட்டாங்களே" என்று சத்தமாகவே சொன்னார்கள். அவள் காதில் விழுந்தது. பொய் சொன்னதைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது, ஏனென்றால் அதில் பாதி உண்மை.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க!" என்றார் மேலாளர். "துணைக்கு ஒரு லேடி ஸ்டாஃப் யாராவது..."

"பத்தி சார் வரட்டும் சார். என் வைத்தியமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

"அவருக்கு இன்னைக்குக் கேடயம்..."

"அவரு வந்தாத்தான் நான் போவேன் சார்" என்றாள், அடம் பிடிக்கிற குழந்தை போல. நோயாளி கேட்கிறபோது யார் மறுப்பார்கள்? அண்ணா எழுந்தார். எழும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டதை அவள் மட்டும் பார்த்தாள்.

வண்டியில் ஓட்டுநர் அவளைப் பின்சீட்டில் படுக்கச் சொன்னார். அவள் படுத்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணாவின் கை கைப்பிடியில் தளர்ந்து கிடந்தது. "அண்ணா, பேசிக்கிட்டே வாங்க" என்றாள். "நோயாளி நீங்களா, அவரா? பேசாம படுங்கக்கா" என்று ஓட்டுநர் அதட்டினார். சிரிப்பு வர வேண்டிய இடம். அவளுக்கு அழுகை வந்தது.

"கால் மரத்த மாதிரி இருக்கும்மா" என்று அண்ணா மெதுவாகச் சொன்னார். ஓட்டுநர் ரேடியோ சத்தத்தில் அது கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. மீதி வழி முழுவதும் அவள் அவருடைய தோளையே பார்த்துக்கொண்டு வந்தாள், மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று.

அவசரப் பிரிவு வாசலில் ஓட்டுநர் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். கதவு மூடினதுதான் தாமதம், அவள் அண்ணாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சின்ன வயது டாக்டர் அவள் முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்து, "நீங்கதானே பேஷண்ட்?" என்றார்.

"இவரு. டயாலிசிஸ் பேஷண்ட். சனிக்கிழமை செஞ்சது. இத ரெண்டரை கப் குடிச்சிருக்கார்." மடித்த அட்டையை மேசையில் வைத்து, விரலால் அந்த வரியைக் காட்டினாள்.

டாக்டர் படித்தார். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. நெஞ்சில் கம்பிகள் ஒட்டினார்கள், தாளில் கோடு ஓடியது. கோட்டைப் பார்த்த டாக்டர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, அந்தப் பெண் ஓடினாள். ஒரு ஊசி, இன்னொரு ஊசி, அப்புறம் படுக்கையைத் தள்ளிக்கொண்டு மேல்மாடிக்குப் போனார்கள். அவள் பின்னாலேயே ஓடினாள், செருப்பு ஒன்று கழன்றது தெரியாமல்.

இயந்திரம் சுற்ற ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "இப்ப பரவால்ல. இறங்குது. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா என்னால எதுவும் சொல்லியிருக்க முடியாது." அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உள்ளே போகச் சொன்னார்.

அண்ணா படுத்திருந்தார். இடது கையிலிருந்து குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. அவள் எதிரில் நின்று வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மேலாளர். எடுத்தாள், அந்த அமைதியான அறையில் அவர் குரல் தெளிவாகவே வெளியே கேட்டது.

"எப்படிம்மா இருக்கீங்க? டாக்டர் என்ன சொல்றாரு?"

"நல்லா இருக்கேன் சார்."

"நாங்க பேசினோம்மா. இவ்வளவு பெரிய வியாதிய வச்சுக்கிட்டு நீங்க கண்ணைக் கெடுத்துக்க வேணாம். கொஞ்ச நாள் வீட்ல இருங்க. மேசைக்கு வேற ஆளப் பாக்கறோம். ராஜினாமாவப் பொறுமையா எழுதிக் குடுங்க போதும்."

அவள் இயந்திரத்தில் சுற்றும் சிவப்பைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம். கணவரிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் அண்ணாவின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாள்.

"சரிங்க சார்" என்றாள். "எழுதிக் குடுத்துடறேன்."

"போனைக் குடும்மா" என்றார் அண்ணா.

அவள் தலையை ஆட்டினாள். போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்கறேன்ல."

குழாய் இல்லாத வலது கையை அவர் நீட்டினார். நீட்டிய கை இறங்கவில்லை. அவள் போனை அதில் வைத்தாள்.

"சார், நான்தான் பேசறேன்" என்றார். "அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது. படுத்திருக்கிறது நான். பதினாலு மாசமாப் படுத்திருக்கேன் சார், யாருக்கும் தெரியாம. எழுதிக் குடுக்கணும்னா நான் குடுக்கறேன்."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த மாடி?" என்றார் மேலாளர்.